கீழே நின்ற வான் எங்களுடையது, அப்பா

அன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய என் அப்பாவுக்கு,

அன்று ஆஸ்பத்திரியில் உங்களிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: யன்னலுக்குக் கீழே நின்ற அந்த வான் வண்டி எங்களுடையது.

அதைப் பற்றி முதலில் கதைத்ததும் நீங்கள்தான். தலையணைகளை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தீர்கள். கீழே ஒடுங்கிய தெருவில், பக்கத்தில் நின்ற கார்களை எல்லாம் விளையாட்டுச் சாமான்கள் ஆக்கிக்கொண்டு, பழைய வோன்மொபில் ஒன்று நின்றது. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே வைத்து, வீட்டைச் சில்லில் ஏற்றிவிட்ட மாதிரியான வண்டி. "ஆரோ ஹொலிடேக்கு வெளிக்கிட்டு நிக்கினம்," என்றீர்கள். "முன் ரயரைப் பார். காத்துக் காணாது. உப்பிடியே கொண்டுபோய் ஓட்டோபான் பெருந்தெருவிலை ஏத்தப் போயினம்."

நான் "ஓம் அப்பா" என்று மட்டும் சொன்னேன். வாழ்நாள் முழுக்க நகரப் பேருந்து ஓட்டிய மனிதரின் கண் மூன்றாம் மாடியிலிருந்தும் ரயரைத்தான் பார்க்கும்.

மறுநாள் உங்களுக்குச் சத்திரசிகிச்சை. மகள் வேலையை விட்டுவிட்டாள், வாடகை வீட்டைக் கைவிடப் போகிறாள், புருசன் பிரபுவையும் மூன்று வயது ஆதிரையையும் கூட்டிக்கொண்டு ஒரு வண்டிக்குள் குடியிருக்கப் போகிறாள் என்று அதற்கு முதல்நாள் எந்த அப்பாவுக்குச் சொல்லலாம்? நீங்கள் வீட்டுக்கு வந்து ஆறுதலாகத் தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். கீழே இறங்கிப் போய்ப் பிரபுவிடம் ரயரைப் பற்றிச் சொன்னேன். அவன் உடனே பெற்றோல் நிலையத்துக்குப் போய்க் காற்றடித்துக்கொண்டு வந்தான். நீங்கள் வீட்டுக்கு வரவில்லை.

இதை மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. எனக்குச் சொல்ல ஏராளமான செய்தி இருக்கிறது, அப்பா. ஒரு கோடைகாலம் முழுவதும் சேர்த்து வைத்த செய்தி. கேட்டால் நீங்கள் சிரிப்பீர்களா, ஏசுவீர்களா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யக்கூடியவர்தானே நீங்கள்.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். நாடக அரங்கின் உடுப்புப் பகுதியில் நான் வேலை செய்ததை உங்கள் நண்பர்களிடம் நீங்கள் "தியேட்டர்ல ஒஃபிஸ்" என்று சொல்லிச் சமாளித்தது எனக்குத் தெரியும். உண்மையில் நான் அங்கே செய்தது தையல். காட்சிக்கும் காட்சிக்கும் இடையில் நடிகை ஓடிவருவாள், நின்றபடியே அவளுடைய உடுப்பைப் பிரித்து, இழுத்து, தைத்து அனுப்பவேண்டும். அந்த அவசரம் எனக்குப் பிடித்திருந்தது. பிறகு ஒரு கலியாண வீட்டில் மணப்பெண்ணின் சாறிச் சட்டை தோளில் கிழிந்தபோது, கைப்பையில் கிடந்த ஊசிநூலால் அதே வேலையைச் செய்தேன். அதைக் கண்ட வீடியோக்காரர் என் நம்பரை வாங்கிப் போனார். அடுத்த சனிக்கிழமையே ஒரு தாய் அழுகிற குரலில் போன் எடுத்தாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, நாங்கள் எல்லோரும் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறோம் என்று. பிள்ளை வயதுக்கு வந்து பெரிய பிள்ளையானவுடன் தாய்மார் செய்யும் முதல் வேலை சட்டைக்கு அளவெடுத்து யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ அனுப்புவது. கல்லு வேலை, நூல் வேலை எல்லாம் முடிந்து சட்டை கெதியாக வந்துவிடும். ஆனால் மண்டபம் கிடைக்காது. மண்டபம் கிடைத்தால் லண்டன் மாமாவுக்கு லீவு கிடைக்காது. அவருக்கு லீவு கிடைத்தால் கனடாச் சித்தப்பாவுக்கு ரிக்கெற் விலை. சடங்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம் தள்ளிப் போகும். சட்டை அலுமாரியில் அப்படியே இருக்கும். பிள்ளை அப்படியே இருக்குமா? பன்னிரண்டு வயதில் எடுத்த அளவு பதின்மூன்றரை வயதில் பூட்டுமா? காலையில் ஐயர் வந்து, மேளம் வந்து, மாமா தண்ணீர் வார்த்து, உடுப்பு மாற்றும் நேரத்தில்தான் அது தெரியவரும்.

ஜெர்மனியில் நம்மவர்கள் இருக்கிற ஊரெல்லாம் இதுதான் கதை. ஆனால் நான் பேர்லினில் இருந்தேன். ரயிலில் தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு எத்தனை ஊருக்குப் போவது? மெசின் இருக்கும் இடத்தையே ஊர் ஊராகக் கொண்டுபோனால் என்ன என்று கேட்டவன் பிரபு. திருச்சிக்காரன் என்றாலும் உங்கள் மருமகனுக்கு இப்படி ஒரு யோசனை வந்தது ஆச்சரியம்தான். "நான் லேப்டாப்ல பண்ற வேலைய எங்க இருந்தும் பண்ணலாம். நீ எங்க போனாலும் ஆர்டர் இருக்கு. பாப்பா ஸ்கூல் போற வரைக்கும் ட்ரை பண்ணுவோமே," என்றான். அவனுடைய நிபந்தனை ஒன்றே ஒன்று: இணையம் வராத காட்டுக்குள் வண்டியை நிறுத்தக்கூடாது.

உங்கள் முப்பத்தோராம் நாள் முடிந்தபிறகு அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்போதுதான் அழுது ஓய்ந்திருந்தார். வண்டி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஹைமிலையிருந்து வெளியில வர நானும் கொப்பரும் என்ன பாடு பட்டனாங்கள். நீ என்னெண்டால் இருக்கிற வீட்டையும் விட்டிட்டு ஒரு தகரத்துக்குள்ள போய் இருக்கப் போறாய்."

அகதிகளை வைத்திருந்த அந்த விடுதியைப் பற்றி அம்மா பேசுவதே குறைவு. அந்தச் சொல்லை எடுத்தார் என்றால் விடயம் பாரதூரமானது என்று அர்த்தம். ஆட்கள் கேட்டால் என்ன சொல்வது, குளிருக்குப் பிள்ளை என்ன செய்யும், இரவில் யாரும் கதவைத் தட்டினால் என்ன செய்வீர்கள் என்று எல்லாம் கேட்டார். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார். வருகிற கோடைகாலம் மட்டும். உங்களுடைய ஆண்டுத் திவசத்துக்கு முதல் வண்டியை விற்றுவிட்டு, பேர்லினில் தான் இருக்கும் நொய்கெல்னிலேயே ஒரு வீடு எடுக்கவேண்டும். அதுவரைக்கும் தான் அந்த வண்டிக்குள் கால் வைக்கப்போவதில்லை. நான் சரி என்றேன். சொன்ன சொல்லை நான் மாற்றுவதில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதுதான் பிரச்சினை.

ஏனென்றால், அப்பா, முதல் மாதத்திலேயே எனக்கு அந்த வாழ்க்கை பிடித்துப்போய்விட்டது. எவ்வளவு பிடித்தது என்று எப்படிச் சொல்ல? காலையில் திரையை விலக்கும்போது இன்றைக்கு யன்னலில் என்ன இருக்கும் என்று மூன்று பேரும் போட்டி போடுவோம். ஒருநாள் ஆறு. ஒருநாள் ஆட்டுக்கூட்டம். ஒருநாள் வேறொரு வோன்மொபிலின் யன்னலில் பல் தீட்டிக்கொண்டிருக்கும் கிழவர், ஆதிரைக்குக் கை காட்டுகிறார். கிழமை நாட்களில் பிரபு மேசையின் ஒரு பக்கத்தில் கணினியோடு இருப்பான், நான் மறுபக்கத்தில் மெசினோடு. அவனுடைய கூட்டங்களில் என் மெசின் சத்தம் கேட்கும். ஜெர்மன்காரர்கள் முதலில் ஏதோ பழுது என்று நினைத்தார்களாம். இப்போது சத்தம் இல்லாவிட்டால் "மனைவி நலமா?" என்று விசாரிக்கிறார்கள்.

சனி, ஞாயிறுகளில் மண்டபங்கள். போனவுடன் மண்டபத்துச் சமையல்காரரைச் சிநேகம் பிடிக்கவேண்டும், ஏனென்றால் மின்சார வயரை அவருடைய குசினி யன்னலால்தான் இழுக்கவேண்டும். அவர் வயரை விடுவார், கூடவே ஒரு தட்டு வடையும் வரும். ஆதிரைக்குத் தமிழ்நாட்டுத் தமிழ் ஒரு காது, யாழ்ப்பாணத் தமிழ் மறு காது. தகப்பனிடம் "அப்பா, பசிக்குது" என்பாள், சமையல்காரரிடம் "எனக்கு உறைக்காத வடை இருக்கோ?" என்பாள். எந்த மண்டபத்தில் எதைப் பேசவேண்டும் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

எங்கள் ஆட்கள் மட்டும் என்றில்லை. வண்டிகள் நிறுத்தும் இடங்களில் பக்கத்து ஆட்களுக்கு நான் தைக்கிறேன் என்று தெரிந்துவிடும். கூடாரத்தின் ஸிப், நாயின் குளிர்ச்சட்டை, ஒருமுறை ஒரு பாய்மரப் படகின் பாய். அந்தப் பாயை வண்டிக்குள் கொண்டுவந்து விரித்தபோது பிரபுவும் பிள்ளையும் வெளியே போய் நிற்கவேண்டியதாயிற்று.

உங்களிடம் ஒரு இடத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். நீங்களும் அம்மாவும் முதல் வருடங்களில் இருந்த அந்தச் சின்ன ஊர்ப் பக்கமாகப் போனோம். அப்போது மாவட்ட எல்லையைத் தாண்டுவதென்றால் உங்களுக்கு அனுமதிக் கடிதம் வேண்டும், பக்கத்து மாவட்டத்தில் நடந்த உங்கள் நண்பரின் கலியாணத்துக்கே போகமுடியவில்லை என்று ஒருமுறை சொல்லியிருந்தீர்கள். ஒருமுறைதான். அந்த எல்லை எப்படி இருக்கும் என்று எனக்குள் ஒரு படம் இருந்தது. ஏதோ தடுப்பு, ஏதோ வேலி. அங்கே ஒரு சின்னப் பலகை நிற்கிறது, அப்பா. அதற்கு முன்னாலும் சோளம், பின்னாலும் சோளம். அவ்வளவுதான். பிரபு ஒன்றும் கேட்காமல் வண்டியைத் திருப்பி அதைக் கடந்தான். மறுபடி திருப்பிக் கடந்தான். ஆதிரை பின்னாலிருந்து, "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று கத்தினாள். உழவு இயந்திரத்தில் வந்த ஒருவர் நாங்கள் வழி தவறிவிட்டோம் என்று நினைத்து, இறங்கி வந்து பாதை சொன்னார்.

பேருந்து ஓட்டிய காலத்தில் நீங்கள் சொல்வீர்களே, "நாள் முழுக்க ஓடுறன், ஆனா ஒரு இடத்துக்கும் போய்ச் சேரேல்லை" என்று. லீவு நாட்களில் எங்கேயும் போக மறுத்த உங்களை நான் சோம்பேறி என்று நினைத்த வயது ஒன்று இருந்தது. போகக்கூடாது என்று பழகிய கால்கள், போகலாம் என்று சொன்னவுடன் போய்விடுமா?

ஹாலேயிலும் இரண்டு நாள் நின்றோம். அங்கே ஒரு பழைய அறக்கட்டளையின் காப்பகத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கடிதங்கள் இருக்கின்றன. புள்ளியில்லாத எழுத்து, வாசிக்கச் சிரமப்பட்டேன். யாரோ ஒருவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து, தான் ஒருபோதும் காணப்போகாத ஆட்களுக்கு, மழை பெய்தது, இன்னார் சுகமாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறார். பெரிய விடயம் ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் பார்த்தபிறகுதான் உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது. போய்ச் சேருமா என்று யோசித்துக்கொண்டு இருந்தால் யாரும் கடிதமே எழுதமாட்டார்கள்.

இனிப் பான் நகரத்துக் கதை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை சுமதிச் சித்தியை உங்களுக்குத் தெரியும். அவருடைய மகள் தர்ஷிகாவுக்குச் சாமத்தியச் சடங்கு. எனக்கும் வேலை இருந்தது, அம்மாவுக்கும் அழைப்பு இருந்தது. அம்மா வண்டியில் வரமாட்டேன் என்று பேர்லினிலிருந்து ரயிலில் வந்தார். மண்டபத்தில் யாரோ "உங்கட மகள் எதிலை வந்தவ?" என்று கேட்க, "அவ வேலைக்கு வந்தவ" என்றார். வெளியே, மண்டபத்து வாசலை அரைவாசி மறைத்துக்கொண்டு எங்கள் வண்டி நின்றது. அம்மா அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.

முதல் உடுப்பு சரியாக இருந்தது. இரண்டாவது, பட்டுச் சாறிக்கான சட்டை, முதுகில் நாலு விரல் அளவுக்குப் பூட்ட மறுத்தது. உடுப்பு மாற்றும் அறையில் பத்துப் பதினைந்து பெண்கள். ஆளுக்கொரு யோசனை. பின் குத்தலாம் என்றார் ஒருவர், சாறித் தலைப்பால் மறைக்கலாம் என்றார் இன்னொருவர், மூச்சை உள்ளே இழு பிள்ளை என்றார் மூன்றாமவர். அப்போது ஓர் அன்ரி சிரித்துக்கொண்டே, "கொஞ்ச நாளைக்கெண்டாலும் வாயைக் கட்டியிருக்கலாம்," என்றார்.

தர்ஷிகா ஒரு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, குசினிக் கதவால் வெளியேறி, வாகனத் தரிப்பிடத்தைக் கடந்து, நேராக எங்கள் வண்டிக்குள் ஏறிவிட்டாள். நான் சட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். உள்ளே ஆதிரையின் நிறப் பென்சில்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தலையில் முழுப் பூ, கண்ணில் கரைந்த மை.

"கதவைப் பூட்டுங்கோ அக்கா," என்றாள். "நான் போகமாட்டன்."

பூட்டினேன். பிரபு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்றுகொண்டான். தையலைப் பிரித்தால் உள்ளே விட்டிருந்த துணி காணாது என்று பார்த்தவுடன் தெரிந்தது. சாறியின் உள்பக்க முனையில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் வைத்துத் தைக்கவேண்டும். செய்யலாம். ஆனால் செய்தாலும் அவள் போடுவாளா? வெளியே சித்தியின் குரல், வீடியோக்காரரின் குரல், நல்ல நேரம் போகிறது என்று ஐயர் அனுப்பிய ஆளின் குரல். யன்னலில் ஒரு நிழல் மாறி ஒரு நிழல். "வேலை நடக்குதுங்க," என்று பிரபு ஒரே வசனத்தையே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைசியாகப் பிள்ளையைச் சமாதானப்படுத்தி இறக்கும்படி அம்மாவை அனுப்பினார்கள். அம்மா மெதுவாகத் தட்டினார். தர்ஷிகா யோசித்துவிட்டு, "பெரியம்மா மட்டும் வரட்டும்," என்றாள்.

அம்மா சாறியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். கால் வைக்கப்போவதில்லை என்று சொன்ன படியில்தான். ஏறியதும் தானே திரும்பிக் கதவைப் பூட்டினார். எங்கள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இறங்கு என்று சொல்லவில்லை. சித்தி பாவம் என்றும் சொல்லவில்லை. நான் மெசினை ஓட்டத் தொடங்கினேன்.

"எல்லாரும் பாக்கினம் பெரியம்மா," என்றாள் தர்ஷிகா.

"ஓம்," என்றார் அம்மா. பிறகு, தைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்க்காமல் அவளிடம் சொன்னார்: "நாங்கள் இருந்த ஹைமிலை அறைக்குக் கதவு இருந்தது, பூட்டு இல்லை. ஆரும் எந்த நேரமும் திறப்பினம். இவ வயித்திலை இருக்கேக்கை நான் ஒரு சட்டை மாத்திறதெண்டாலும் உன்ரை பெரியப்பா வெளியில போய், கதவிலை முதுகை வைச்சுக்கொண்டு நிப்பார். ஒரு மணித்தியாலம் எண்டாலும் நிப்பார். 'ஆறுதலா மாத்து' எண்டுவார்."

என் கால் மெசினின் மிதியிலிருந்து தானாக எடுபட்டது. இதை நீங்கள் எனக்குச் சொன்னதில்லை. அம்மாவும் சொன்னதில்லை. எத்தனையோ புத்தகங்களில் எத்தனையோ காதலை வாசித்திருக்கிறேன், அப்பா. என் வீட்டில் இருந்ததை யாரும் எனக்குக் காட்டவில்லை.

"நீயும் ஆறுதலா இரு," என்று அம்மா தர்ஷிகாவிடம் சொன்னார். "உனக்கு எப்ப இறங்கவேணும் எண்டு இருக்கோ அப்ப இறங்கு. நல்ல நேரம் உனக்காக நிண்டு போகும்."

அப்போதுதான் அம்மா கதவுக் கண்ணாடியால் வெளியே பார்த்தார். பிரபு பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி, வண்டிக் கதவில் முதுகை வைத்துக்கொண்டு நின்றான். அவனுடைய பின்கழுத்து மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா அதைப் பார்த்தது பார்த்தபடி இருந்தார்.

தர்ஷிகா சட்டையைப் போட்டுப் பார்த்தாள், கையை உயர்த்தினாள், குனிந்தாள், இன்னொருமுறை கண்ணாடி கேட்டாள். பிறகு இறங்கினாள். வீடியோவில் பாருங்கள் என்று சொல்ல ஆசை, அந்தப் பிள்ளை அந்த வாகனத் தரிப்பிடத்தைக் கடந்து நடந்த நடை பல்லக்கில் வந்தது போலத்தான் இருந்தது. அவளுடைய லண்டன் மாமா மட்டும் பசி, பசி என்று முணுமுணுத்தார்.

அம்மா வண்டியைப் பற்றி அன்று ஒரு சொல் சொல்லவில்லை. சாப்பிட்டார், எல்லோரோடும் ரயிலேறிப் போனார். நான் எதையோ எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அம்மா கேட்காமல் இருக்கும்போது ஒப்பந்தத்தை மாற்றச் சொல்லி நான் எப்படிக் கேட்பது? திவசம் நெருங்கியது. பிரபு வண்டியைக் கழுவிப் படம் எடுத்து விளம்பரம் போட்டான். ஆதிரை வண்டியின் சில்லுகளுக்கு ஒவ்வொன்றாக முத்தம் கொடுத்துக்கொண்டு போனாள்.

பொட்ஸ்டாமிலிருந்து ஒரு தம்பதி பார்க்க வந்தார்கள். ஓய்வுபெற்ற நல்ல மனிதர்கள். வண்டி அம்மாவின் வீட்டுக்கு முன்னால், நொய்கெல்னில் நின்றது. அவர்களுக்கு உடனே பிடித்துவிட்டது. கட்டிலில் படுத்தே பார்த்துவிட்டார்கள். பால்டிக் கடற்கரைக்குப் போகப் போகிறார்களாம். கைகொடுத்து முடிவு சொல்லும் நேரத்தில் தமிழ்க்கடையிலிருந்து அம்மா வந்தார். இரண்டு கையிலும் பை, ஒன்றில் வாழையிலை நீட்டிக்கொண்டிருந்தது.

அம்மா பைகளை நிலத்தில் வைத்தார். பார்க்க வந்த அம்மாளுக்கு வணக்கம் சொன்னார். பிறகு தன்னுடைய டொச்சில், தனக்குத் தெரிந்த ஜெர்மனில், ஆரம்பித்தார். மழை பெய்தால் இந்த மூலையால் ஒழுகும் என்றார். உண்மை. குளிரான நாட்களில் சூடாக்கி பாதி இரவில் நின்றுவிடும் என்றார். அதுவும் உண்மை. நான் ஒவ்வொரு நாளும் போனில் முறையிட்டதெல்லாம் வரிசையாக வந்தது. ஏற்றத்தில் வண்டி இழுக்காது, தண்ணீர்க் குழாய் கத்தும், பின் கதவை உதைத்தால்தான் பூட்டும். கடைசியாக மூக்கைத் தொட்டுக் காட்டி, உள்ளே மீன் பொரித்த மணம் இருக்கிறது, அது என்ன செய்தாலும் போகாது என்றார்.

நாங்கள் அந்த வண்டிக்குள் ஒருநாளும் மீன் பொரித்ததில்லை, அப்பா. உங்கள் மனைவி நடுத்தெருவில் நின்று பொய் சொன்னார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அந்தத் தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று மரியாதையாகப் புறப்பட்டார்கள். பிரபு வாயைத் திறந்தபடி நின்றான். "அத்தை..." என்று தொடங்கினான்.

"மாமி எண்டு கூப்பிடச் சொல்லி எத்தினை தரம் சொன்னனான்," என்றார் அம்மா. "இந்தப் பையைப் பிடியுங்கோ தம்பி." என்னிடம் திரும்பினார். "அடுத்த மாதம் ஸ்ருட்கார்ட்டிலை ஒரு சடங்காம். சுமதி சொன்னவள். அந்தப் பிள்ளையும் வளர்ந்திட்டுதாம். தாய்க்காரிக்கு உன்ரை நம்பரைக் குடுத்திட்டன்."

அவ்வளவுதான் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அம்மா சூடாக்கியைப் பற்றி மறுபடி ஆரம்பித்திருப்பார். ஆனால் மாடிப்படியில் அவருக்குப் பின்னால் ஏறிக்கொண்டு போகும்போது, பத்து வயதில் நீங்கள் எனக்குச் சைக்கிள் வாங்கித் தந்த அன்று போல என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

உங்கள் திவசத்தை அந்த வீட்டிலேயே செய்தோம். ஐயர் வந்தார், உங்கள் நண்பர்கள் வந்தார்கள், பேருந்துப் பணிமனையில் உங்களோடு வேலை செய்த துருக்கிக்காரரும் வந்து, வாழையிலையில் கையால் சாப்பிட்டு, இரண்டாம் முறை குழம்பு கேட்டார். உங்களுக்குப் படைத்ததில் கத்தரிக்காய்ப் பொரியல் கொஞ்சம் கருகிவிட்டது. அது என் பொறுப்பு.

இனி நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். ஆதிரை பள்ளிக்கூடம் தொடங்கும் வருடத்தில் நாங்கள் நொய்கெல்னில் வீடெடுப்போம், பிறகு விடுமுறைகளில் மட்டும் ஓடுவோம். அதுவரை ஓடுவோம். அம்மாவைத் தனியாக விடமாட்டேன், அப்பா. ஆனால் அதற்காக ஓரிடத்தில் நின்றுவிடவும் மாட்டேன். இரண்டையும் சேர்த்துச் செய்வேன் என்று உங்களுக்கு வாக்குத் தருகிறேன். வழியில் காண்பதை எல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொண்டே போவேன்.

திவசம் முடிந்த கிழமையே விளம்பரத்தை எடுத்துவிட்டோம். ஸ்ருட்கார்ட் சடங்குக்கு நாங்கள் நான்கு பேர் போனோம். அம்மா முன் இருக்கையில் இருந்தார்.

உங்கள் ஒரே மகள்,
ஆதிரையின் அம்மா